முன் இருக்கை

புதுக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது செழியனுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அதில் முதலில் அக்கா உட்கார வேண்டும்.

கார் வாங்கப்போவதாக அவன் வாய் திறந்த நாளிலிருந்து ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமனார் கைலாசம், வெள்ளைதான் வாங்க வேண்டும், விற்கும்போது விலை போகும் என்றார். கல்லூரியில் அவனோடு வேலை செய்யும் கணக்குப் பேராசிரியர், புதுசு வாங்குவதே முட்டாள்தனம், யாராவது ஆசைக்கு வாங்கி அலுத்துப்போனதைப் பார்த்து வாங்கு என்றார். எதிர்வீட்டுக்காரர், கார் ஓட்டையாக இருந்தாலும் பரவாயில்லை, இன்ஷூரன்ஸ் மட்டும் நல்ல கம்பெனியாக இருக்க வேண்டும் என்று வாசலில் நின்று அரைமணி நேரம் பாடம் நடத்தினார். மனைவி தாரிணி கேட்டது ஒன்றுதான்: பின் இருக்கைக்கும் ஏர்பேக் வேண்டும், மகள் நறுமுகை அங்கேதான் உட்காருவாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, செழியன் தனக்குப் பிடித்த கருநீல நிறத்தில் ஒரு பேட்டரி காரை எடுத்தான்.

ஷோரூமில் சாவியைக் கொடுத்தவர், ஸ்டியரிங்குக்கு மேலே கண்ணாடியை ஒட்டி ஓடிய மெல்லிய விளக்கைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் சார் பட்டை. வருஷத்துக்கு ஒரு தடவை பிரீமியம் கட்டற கதையெல்லாம் போயிடுச்சுல்ல, இப்ப ஓட்டத்துக்கு ஓட்டம். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி கம்பெனியோட மிஷின் எல்லாத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டுடும். பச்சைன்னா ஒண்ணும் கவலையில்லை. மஞ்சள்னா பிரீமியம் கொஞ்சம் கூடும். சிவப்புன்னா விபத்துக்கு வாய்ப்பு அதிகம்னு அர்த்தம்."

"சிவப்பு வந்தா ஓட்டக்கூடாதா?"

"ஓட்டலாம் சார். யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா அடிக்கடி சிவப்புல ஓட்டினா பாலிசியை நிறுத்திடுவாங்க. பாலிசி இல்லாத வண்டி ஸ்டார்ட் ஆகாது. அது சட்டம்."

உறையூரில் அவர்கள் தெருவுக்குள் கார் திரும்பியபோது பட்டை பச்சையாகத்தான் இருந்தது. வாசலில் கைலாசம், மாமியார், தாரிணி, நறுமுகை, எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் நின்றார்கள். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி முடிந்தது. செழியன் கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தான். கேட்டுக்கு அந்தப்புறம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

மங்கையர்க்கரசி என்பது அவள் முழுப்பெயர். எல்லோருக்கும் மங்கை. செழியனைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா இறந்தபிறகு அவனுக்குத் தலைவாரி, சாப்பாடு கட்டி, சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவள். அவள் கணவர் சண்முகநாதன் விராலிமலை அருகே நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் காரைக் கொண்டுபோய் மோதி அந்த இடத்திலேயே போய்விட்டார். பக்கத்து இருக்கையில் இருந்த மங்கைக்குச் சிராய்ப்பு மட்டும்தான். சில வருடம் கழித்து, ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருவரின் காரில் வந்துகொண்டிருந்தபோது டயர் வெடித்து வண்டி வாய்க்காலில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊர் வாய்க்கு அது போதுமானதாக இருந்தது. மங்கை ஏறின வண்டி விளங்காது என்றார்கள்.

செழியன் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். அத்தான் இறந்தபோது அக்காவின் பூவையும் பொட்டையும் எடுக்க வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவன். ராசி என்ற சொல்லை அவன் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. அதனால்தான் அத்தனை பேர் முன்னால் அக்காவை முன் இருக்கையில் உட்காரவைக்க நினைத்தான்.

"அக்கா, வா. நீதான் முதல்ல."

"எதுக்குடா நான்? தாரிணி உட்காரட்டும்."

"வாங்க அண்ணி," என்றாள் தாரிணியும். உண்மையாகவே கூப்பிட்டாள்.

மங்கை தயங்கித் தயங்கி வந்து, புடவைக் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். செழியன் மறுபக்கம் ஏறி, கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

பட்டை மஞ்சளாகி, உடனே சிவப்பானது.

கண்ணாடி வழியாக வெளியில் நின்ற எல்லோருக்கும் அது தெரிந்தது. கைலாசம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சென்சார் சரியில்லை," என்றான் செழியன். இறங்கி ஏறினான். சிவப்பு. மங்கை தானாகவே கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். தாரிணி ஏறினாள். பச்சை.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குக் கொஞ்சம் துணி ஊறிக்கிட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு மங்கை அடுத்த தெருவில் இருந்த தன் வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த ஒரு மாதத்தில் செழியன் எத்தனையோ சோதனை செய்து பார்த்தான். அக்காவைப் பின்னால் உட்காரவைத்தான். போனை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னான். மங்கை சொன்னதையெல்லாம் செய்தாள், ஆய்வுக்கூடத்தில் நிற்கும் பிள்ளை மாதிரி. எப்படி உட்கார்ந்தாலும் சிவப்புதான். கம்பெனிக்குப் போன் செய்தான். கணிப்பு முறை நிறுவனத்தின் ரகசியம், விளக்கம் தர இயலாது என்று ஒரு குரல் மரியாதையாகச் சொன்னது.

பட்டையைப் பற்றி ஊரில் எல்லோரும் ஒன்றைத்தான் நம்பினார்கள்: ஒவ்வொரு மனிதருக்கும் கம்பெனி ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறது, ஏறினவர் முகத்தைப் பார்த்ததும் அதை எடுத்துப் போடுகிறது. சிவப்பு ஆள், பச்சை ஆள் என்று பேச்சு வந்துவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள், சும்மா ஒரு ரவுண்டு போய்விட்டு வரலாமே என்று பெண்ணைக் காரில் ஏறச் சொன்னார்கள். ஆபீஸுக்குச் சேர்ந்து போகிறவர்கள் சிவப்பு காட்டுகிறவரை மெல்லக் கழற்றிவிட்டார்கள்.

மங்கை வேலை பார்த்த பால் கூட்டுறவுச் சங்கத்திலும் அதுதான் நடந்தது. கைலாசத்தின் வழியாகவோ எதிர்வீட்டுக்காரர் வழியாகவோ விஷயம் பரவியிருந்தது. கூட வேலை செய்கிறவரின் காரில் ஏறினாள், சிவப்பு. சித்தப்பா மகன் காரில் ஏறினாள், சிவப்பு.

"ஆனா ஒண்ணு தம்பி," என்று ஒரு நாள் மங்கை வந்து சொன்னாள். குரலில் ஒரு துள்ளல் இருந்தது. "நேத்து மழைன்னு ஒரு வாடகைக் கார் புடிச்சேன். பட்டை பச்சையா இருந்துச்சு. வீடு வர்ற வரைக்கும் பச்சைதான். நான் பார்த்துக்கிட்டே வந்தேன்."

செழியன் கொஞ்சம் யோசித்தான். "வாடகை வண்டிக்கு பாலிசியே வேறக்கா. அதுல ஏறறவங்களை எல்லாம் கணக்குல எடுக்க மாட்டாங்களா இருக்கும்."

"ஓ," என்றாள் மங்கை.

அவனுக்கு இந்த மாதிரி விளக்கங்கள் சுலபமாக வந்தன. இது ராசி இல்லை, புள்ளிவிவரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். லட்சக்கணக்கான பயணங்களைப் பார்த்த ஒரு கணக்கு, மனிதக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கலாம். அக்கா பேசும் விதமாக இருக்கலாம், கையை அசைப்பதாக இருக்கலாம். காரணம் தெரியவில்லை என்பதற்காக ஓர் அளவீட்டைத் தூக்கிப் போட முடியுமா? வகுப்பில் பிள்ளைகளுக்கு அவன் சொல்வதும் அதுதான்.

ஒருநாள் சமையலறையில் தாரிணியே பேச்சை எடுத்தாள்.

"நான் இதையெல்லாம் நம்பறேன்னு நினைக்காதீங்க. அண்ணி மேல எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. நறுமுகைக்கு அம்மை போட்டப்ப என்னையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டவங்க. ஆனா வண்டில பின்னாடி உட்கார்ந்திருக்கறது நம்ம பொண்ணு. சிவப்புன்னு கண்ணு முன்னாடி எரியுது. தெரிஞ்சே எப்படிங்க ஏத்தறது? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, பார்த்துட்டும் ஏன் கிளம்பினோம்னு யாரைக் கேட்கறது?"

அவள் ராசி என்று சொல்லியிருந்தால் செழியன் சண்டை போட்டிருப்பான். அவள் சொன்னது அப்படியில்லையே.

அதற்குமேல் யாரும் யாரிடமும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. எங்காவது கிளம்பும்போது மங்கைக்கு எப்போதும் ஒரு வேலை இருந்தது. தலைவலி இருந்தது. பஸ்ஸில் காற்று நன்றாக வருகிறது என்று சொல்லத் தொடங்கினாள்.

ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. கோயில் புதுக்கோட்டைக்கு அப்பால், திருமயம் பக்கம் ஒரு சின்ன ஊரில். நறுமுகைக்காகத் தாரிணி வேண்டிக்கொண்டிருந்த ஒரு பூஜை. அத்தை இல்லாமல் செய்ய முடியாது. "நான் முன்னாடியே பஸ்ல போயிடறேன். நீங்க கார்ல வாங்க," என்றாள் மங்கை, அவர்கள் எப்படிச் சொல்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது.

முன்னாடியே கிளம்பினாள்தான். ஆனால் புதுக்கோட்டையில் டவுன் பஸ் ஒன்று வரவேயில்லை. அடுத்ததில் ஏறி, தார்ச்சாலையில் இறங்கி, வெயிலில் நடந்து அவள் கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது பூசாரி தேங்காய் மூடிகளைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். நல்ல நேரம் போய்விடும் என்று கைலாசம் அவசரப்படுத்தியதில் எல்லாம் முடிந்திருந்தது. மங்கையின் முகம் கன்றிப் போயிருந்தது. பையிலிருந்து நறுமுகைக்கு வாங்கிவந்த பட்டுப் பாவாடையை எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன் அத்தை நம்ம கார்ல வரல? எடம் இருந்துச்சே," என்றாள் நறுமுகை.

எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அப்போதுதான் செழியனுக்குள் ஏதோ உடைந்தது. திரும்பும்போது வானம் கறுத்துத் தூறத் தொடங்கியிருந்தது. மாமனாரும் மாமியாரும் சொந்தக்காரர் காரில் புதுக்கோட்டையிலேயே தங்கப் போய்விட்டார்கள்.

"அக்கா, ஏறு."

"வேண்டாம் செழியா. பஸ் வந்துரும்."

"ஏறுன்னு சொல்றேன்ல. உன்னை இந்த மழையில ரோட்டுல நிக்க வெச்சுட்டு நான் போக மாட்டேன்."

தாரிணி நறுமுகையின் சீட் பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். மங்கை முன் இருக்கையில் ஏறினாள். பட்டை சிவந்தது. செழியன் கிளம்பினான்.

கார் புதுக்கோட்டையைத் தாண்டியது. மழை வலுத்தது. கண்ணாடியில் பட்டையின் சிவப்பு பிரதிபலித்துக்கொண்டேயிருந்தது. கொஞ்சம் பழகினால் மாறும் என்று நினைத்தான். மெதுவாகப் போனால் மாறும் என்று வேகத்தைக் குறைத்தான். மஞ்சளாகிறதா என்று பார்த்தான். மறுபடியும் பார்த்தான். கீரனூருக்குச் சற்று முன்னால், ரோட்டோரத்தில் விளக்கில்லாமல் ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது.

"தம்பி!" என்று மங்கை கத்திய பிறகுதான் அதைப் பார்த்தான். ஸ்டியரிங்கை ஒடித்தான். கார் வழுக்கிக்கொண்டு போய்ப் பாலத்துக் கட்டைச் சுவரில் பக்கவாட்டில் இடித்து நின்றது.

நறுமுகையின் இடது கை முறிந்திருந்தது. மற்றவர்களுக்கு அடி இல்லை. மங்கைக்கு இந்த முறையும் சிராய்ப்புதான்.

திருச்சி ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துக் கட்டுப்போட்டு முடித்தபோது மங்கை வராந்தாவின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தாரிணி அவளிடம் போனாள். திட்டப் போகிறாள் என்று செழியன் பயந்தான். தாரிணி திட்டவில்லை. அழுது ஓய்ந்த குரலில், "அண்ணி, நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க. பஸ்ல போங்க," என்றாள்.

"சரிம்மா," என்றாள் மங்கை.

அதற்குப் பிறகு அவள் உறையூரில் அதிக நாள் இருக்கவில்லை. பால் சங்க வேலையை விட்டுவிட்டுப் பெரம்பலூரில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் காப்பாளராகச் சேர்ந்தாள். தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு. "எங்கயும் போக வர வேண்டாத வேலைடா," என்று போனில் சொன்னாள். அதைத்தான் தேடிப் பிடித்தாள் என்று செழியனுக்குப் புரிந்தது. அவள் சாமானை ஏற்றிப்போக வந்த மினி லாரியில் அவளை உட்காரச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் பஸ்ஸில்தான் போனாள்.

விபத்துக்கான கிளெய்ம் விசாரணைக்கென்று இன்ஷூரன்ஸ் கம்பெனி அவனைக் கண்டோன்மெண்ட் ஆபீஸுக்கு வரச் சொன்னது. கண்ணாடி அறையில் ஜெசிந்தா என்ற அதிகாரி உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியைக் கத்தரித்து விட்டிருந்த, களைத்த முகமுள்ள பெண்மணி. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டு முடித்து, "அவ்வளவுதான் சார், தொகை வந்துடும்," என்றார்.

செழியன் எழுந்திருக்கவில்லை.

"மேடம், எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெரியணும். எங்க அக்காவுக்கு நீங்க என்ன மதிப்பெண் போட்டு வெச்சிருக்கீங்க? அதை எப்படி மாத்தறது? எங்க மனு குடுக்கணும்?"

"என்ன மதிப்பெண்?"

"அவங்க ஏறினா சிவப்பு வருதே, அந்த மதிப்பெண்."

ஜெசிந்தா எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"கூட வர்றவங்களுக்கு நாங்க மதிப்பெண் போடறதே இல்லை சார். போடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. உங்க அக்கா யாருன்னே எங்க மிஷினுக்குத் தெரியாது."

"அப்ப எதைப் பார்த்து சிவப்பு காட்டுது?"

"ரோடு, மழை, நேரம், இதெல்லாம் பார்க்கும். மத்தபடி ஓட்டறவரை. ஸ்டியரிங்கை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கறார், நாடி எப்படித் துடிக்குது, மூச்சு எப்படி வருது, கண் எங்க போகுது. அவ்வளவுதான் சார். அது பார்க்கறது உங்களை."

செழியனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கோபம்தான் வந்தது.

"நீங்க சொல்றது அபத்தம். நான் எங்க அக்காவைப் பார்த்து பயந்தேனா? நான் அந்த ராசி மண்ணாங்கட்டியை எல்லாம் நம்பறவனே இல்லை."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க."

"முதல் நாளே சிவப்பு வந்துச்சே! அன்னிக்கு நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?"

ஜெசிந்தா கணினியில் ஏதோ தேடினார். திரையை அவன் பக்கம் திருப்பினார். கார் வந்த நாள். ஸ்டியரிங்குக்கு மேலிருந்து எடுத்த வீடியோ. செழியன் தன் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் அக்கா ஏறி உட்காருகிறாள். திரையில் இருந்தவனின் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. வெளியே நின்ற மாமனாரைப் பார்த்தன, எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தன, மறுபடி மாமனாரிடம் போயின. தாடை இறுகியிருந்தது. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று காத்திருக்கிறவனின் முகம். ஓரத்தில் ஓடிய நாடிக் கோடு கிடுகிடுவென்று ஏறியது.

"அன்னிக்கு என்ன காரணமோ எனக்குத் தெரியாது சார்," என்றார் ஜெசிந்தா மெல்ல. "அதுக்கப்புறம் நடந்தது தெரியும். ஒரு தடவை சிவப்பு வந்துட்டா, அடுத்த தடவை அவங்க ஏறும்போதே வருமோன்னு மனசு அடிச்சுக்கும். அடிச்சுக்கிட்டா வரும். மத்தவங்க காதுக்கும் போயிருக்கும். அவங்க வண்டியிலயும் வரும். தெரியாதவங்க வண்டியில வராது."

"வாடகைக் கார்," என்றான் செழியன்.

"அந்த டிரைவருக்கு உங்க அக்கா யாரோ ஒருத்தர்."

விபத்து நாளின் படத்தையும் அவர் காட்டினார். செழியன் பாதியில் நிறுத்தச் சொன்னான். ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட அவன் கண் பட்டையைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

"இதை ஏன் மேடம் வெளியில சொல்லலை? எத்தனை பேரை ஒதுக்கி வெச்சிருக்காங்க ஊர்ல!"

"தெருவுக்குத் தெரு இருக்காங்க சார். பெரும்பாலும் புருஷன் இல்லாத பொம்பளைங்க. இல்லாட்டி மாமியார். இல்லாட்டி வீட்டுல எல்லாரும் பயப்படற யாராவது ஒருத்தர். நாங்க சொல்லணும்னு எழுதினோம். மேலே என்ன சொன்னாங்க தெரியுமா? நான் ஏறினா உனக்கு ஏன் சிவப்பு வருதுன்னு புருஷனும் பொண்டாட்டியும் கோர்ட்டுக்குப் போவாங்க, பாலிசி ஒண்ணும் விக்காது. ஜனங்களே அதை மிஷினோட ஜோசியம்னு எடுத்துக்கிட்டாங்க, அப்படியே இருக்கட்டும்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அதோட, கணக்கு சரிதான் சார். அவங்களை ஏத்திக்கிட்டு நீங்க ஓட்டினா விபத்துக்கு வாய்ப்பு அதிகம்தான். நடந்துச்சே."

செழியன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்க வீட்டுல எங்க மாமியார் ஏறினா சிவப்பு," என்றார் ஜெசிந்தா. "ஓட்டறது நான்தான்."

வெளியே வந்ததும் செழியன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மத்தியப் பேருந்து நிலையத்துக்கு நடந்து பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினான். வழியெல்லாம் மனம் பரபரத்தது. அவமானமாக இருந்தது, ஆனால் அதற்கு மேலே ஒரு நிம்மதியும் இருந்தது. அக்காமேல் ஒரு குற்றமும் இல்லை. அவளிடம் எதுவும் இல்லை. எந்தக் கணக்கிலும் அவள் பெயரே கிடையாது. இதைச் சொன்னால் போதும், அவள் தலைமேல் இருக்கும் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தான்.

விடுதியில் பார்வையாளர் அறை என்று ஒன்று இருந்தது. நாலு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மேசையும். மங்கை இளைத்திருந்தாள். தம்பியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, டீ கொண்டுவரச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

செழியன் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னான். மதிப்பெண் என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை, மிஷின் ஓட்டுகிறவனின் நாடியைத்தான் பார்க்கிறது என்பதை, முதல் நாள் படத்தை, எல்லாவற்றையும்.

"உன்மேல ஒண்ணுமே இல்லைக்கா. எல்லாம் என்னால வந்தது. என்னோட பயம்க்கா அது."

வெளியே மாணவிகள் துணி காயப்போட்டுக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீயில் ஆடை படிந்தது.

"மிஷின் சொல்லுதுன்னு நினைச்சுக்கிட்டு நான் நிம்மதியாத்தான் இருந்தேன் செழியா," என்றாள்.

"நிம்மதியாவா?"

"ஆமா. அதுக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? எதையோ கூட்டிக் கழிச்சு ஒண்ணு சொல்லுது. சொல்லிட்டுப் போகட்டும். மழை பெய்யுதுன்னா மழைகிட்ட கோவிச்சுக்க முடியுமா? அப்படி எடுத்துக்கிட்டேன். ஊரு பேசுச்சு, உன் மாமனாரு பேசினாரு, எல்லாம் கேட்டுச்சு. என் தம்பி அவங்கள்ல சேர்த்தி இல்லை, அவனுக்கு வேற வழியில்லை, சட்டம் இருக்கு, பொண்டாட்டி புள்ளை இருக்குன்னு நினைச்சேன். உன்னை மட்டும் தனியா எடுத்து வெச்சிருந்தேன்."

செழியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மிஷினுக்கு என்னைத் தெரியாது. உனக்குத் தெரியுமேடா."

அவள் அழவில்லை. கோபமும் படவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நறுமுகை கை எப்படி இருக்கு?"

"கட்டுப் பிரிச்சாச்சு. மடக்கறப்ப வலிக்குதுங்கறா."

"எண்ணெய் தடவி நீவி விடச் சொல்லு." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: "இதை தாரிணிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லை. நேரா இங்கதான் வந்தேன்."

"சொல்லாத."

"அக்கா..."

"அத்தை ஏறினா அப்பாவுக்கு நெஞ்சு பதறும், அதனாலதான் என் கை உடைஞ்சுதுன்னு அந்தப் புள்ளைக்குத் தெரியணுமா? மிஷின் சொன்னதாவே இருக்கட்டும். அத்தைக்கு என்னமோ மதிப்பெண் சரியில்லைன்னே இருக்கட்டும். அது எனக்குப் பழகிடுச்சு." எழுந்து நின்றாள். "நேரமாச்சு, கிளம்பு. இப்ப விட்டா பஸ் கூட்டமாயிடும்."

வாசல்வரைகூட அவள் வரவில்லை. விடுதிக்குள்ளிருந்து யாரோ "மேடம்" என்று கூப்பிட, வருகிறேன் என்று குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். குடிக்காத டீ இரண்டும் மேசைமேல் இருந்தன.

செழியன் வீடு வந்து சேர்ந்தபோது தாரிணி நறுமுகைக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இவ்வளவு நேரம்? ஆபீஸ்ல என்ன சொன்னாங்க?"

"கிளெய்ம் பாஸ் ஆயிடுச்சு."

"அண்ணி விஷயம் கேட்டீங்களா? அதை மாத்த முடியுமாமா?"

செழியன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நறுமுகை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்காம்," என்றான்.

"பாவம் அண்ணி," என்றாள் தாரிணி. அடுத்த கவளத்தை உருட்டி மகள் கையில் வைத்தாள்.